அட்சதை விழாத கல்யாணம்

சாக்கிநாக்காவில் நாலாவது மாடி.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
வெளியே ஜூலை அடித்து ஊற்றியது என்பதற்கு
மூலையில் சாத்திய குடைகளின் நாற்றமே சாட்சி.

ஒரு பழைய தமிழ்ப் படம், கறுப்பு வெள்ளை.
பெயர் சொல்லக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடத்தை
பதினொரு நாளில் பளிங்காக்க வேண்டும்.
மொழி தெரிந்தவன் என்று என்னிடம் தந்தார்கள்.
மொழிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

மணல்போல் நடுங்கும் புள்ளிகளை அடக்க
ஒரு ஸ்லைடர்.
வலப்பக்கம் தள்ளத் தள்ளப் படம் அடங்கும்.
முப்பதில் போனது
கதாநாயகியின் மூக்குத்தியடி வேர்வை.
நாற்பதில் வில்லனின் அம்மைத் தழும்பு.
ஐம்பதில் கதர்ச் சட்டை பட்டாகிவிட்டது.
அறுபதில் எல்லோரும் மெழுகு,
வாய் மட்டும் அசைந்தது.
கதம் சார் எட்டிப் பார்த்து, கண்ணாடி, கண்ணாடி என்றார்.
எழுபதில் நிறுத்தினேன்.

தூசு துடைக்க வேறொரு கருவி.
அதற்குத் தெரிந்த சட்டம் ஒன்றே:
இந்த ஃபிரேமில் இருந்து
முந்தியதிலும் பிந்தியதிலும் இல்லாதது எதுவோ
அது குப்பை.

கல்யாணக் காட்சி வந்தபோது
விடியற்காலை மூன்றேகால்.
கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று ஒருவர் விரலை ஆட்டுகிறார்,
நாயனம் உச்சிக்குப் போகிறது,
முடிச்சு விழுகிறது,
ஐம்பது அறுபது கைகள் உயர்ந்து
வீசுகின்றன

ஒன்றும் விழவில்லை.

திருப்பி ஓட்டினேன்.
வீசுகிறார்கள். விழவில்லை.
மாப்பிள்ளை மட்டும்
எதற்கென்று தெரியாமல் கண்ணை இமைக்கிறான்.

மூலத்தைத் திறந்தேன். கீறலும் அழுக்குமாய்
அதில் விழுந்துகொண்டிருந்தது அரிசி.
பெண்ணின் வகிட்டில், புரோகிதரின் நெய்க் கரண்டியில்,
ஒரு மணி நேராக
மாப்பிள்ளையின் கண்ணுக்கு.

கையால் மீட்கலாம்.
ஒவ்வொரு மணியையும் சுற்றி வட்டம் போட்டு
இது குப்பையில்லை, இதுவும் குப்பையில்லை என்று
சொல்லிக்கொண்டே போகலாம்.
இருநூற்றுப் பத்து ஃபிரேம்.
ஒன்பது மணி நேரம்.
கதம் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கொட்டாவிக்கு நடுவில் பார்த்தார்.
"அரிசிதானே? சலேகா."
டிக் போட்டது நான்.
அதை அவர் தலையில் கட்ட முடியாது.

டிஸ்க் வந்தது. அட்டையில் பொன்னெழுத்து:
புத்தம் புதிய பொலிவில்.
விலை ஆயிரத்து இருநூற்றைம்பது, எனக்கு மட்டும் இலவசம்.
ஆண்டாப்ஹில் வீட்டில்
தவணை முடியாத டிவியில் போட்டேன்.
மங்கையர்க்கரசி பாத்திரம் துலக்கின ஈரக்கையோடு வந்து நின்றாள்.
"என்ன, எல்லாரும் இப்பத்தான் பொறந்த மாதிரி இருக்காங்க?"
கடைசியில் என் பெயர் வரும் என்றேன்.

கைகள் வீசின.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை அவள்.
"ஏழை வீட்டுக் கல்யாணமா?"
...
"பாவம், அரிசி வாங்கக்கூட வழியில்ல,
சும்மா வீசற மாதிரி கையை ஆட்டறாங்க."

ஆமாம் என்றேன்.
கதை அப்படி என்றேன்.

அதற்குப் பிறகு உட்கார்ந்தே பார்த்தாள்.
பெண்ணின் அப்பா வருகிற இடத்திலெல்லாம் உச்சுக் கொட்டினாள்.
"கடன்ல மூழ்கிட்டார் போல. பாரேன்,
முகத்துல ஒரு ரேகைகூட ஓடல,
மரத்துப் போயிட்டார் மனுஷன்."
படத்தில் அவர் எட்டு ஊர் மிராசுதார்.
அந்தக் காட்சியில் அவர் அழுதிருந்தார்,
நான் முப்பத்தைந்தைத் தாண்டும்வரை.

என் பெயர் வந்தபோது
அவள் பால் காய்ச்சப் போயிருந்தாள்.
பளிச்சென்று இருந்தது,
ஒரு புள்ளி இல்லாமல்.