மீதி

பாயான் லெப்பாஸில் மாலை ஷிப்ட் முடிந்து
பயிற்சித் திடல், பத்தாம் நம்பர் பாய்.
என் பந்துகள் எல்லாம் வலப்பக்கம் வளையும்.
மேலே விமானங்கள்
எப்படித்தான் இவ்வளவு நேராக இறங்குகின்றனவோ.

இருநூற்றெண்பது வெள்ளிக்குப்
பழையதாய் வாங்கிய கோல்ஃப் மட்டை.
கழுத்தைத் திருகினால் முகம் திரும்புமாம்.
"முதலில் பூஜ்யத்தில் வை" என்றான் லோகேந்திரன்,
நாசி கண்டாரைப் பிரித்துக்கொண்டே.

சாவியை நுழைத்துத் திருப்பப் போனவன்
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்:
குறி ஏற்கெனவே
இடப்பக்கம் இரண்டு புள்ளி தள்ளி.

யாரோ ஒருவர்
தன் கோணலை அளந்து
இதற்குள் முடுக்கி வைத்து
விற்றுவிட்டிருக்கிறார்.

பூஜ்யத்துக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை.
அப்படியே அடித்தேன்.
வளைந்ததுதான்,
ஆனால் பாதி.

மீதி என்னுடையது.
இன்னொரு புள்ளி திருகினேன்.
டக்.