பன்னிரண்டாம் பக்கம்

ஈரி நகரத்தில் பனி
ஏரிப் பக்கமிருந்து படுக்கைவாட்டில் பெய்யும்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்வெலா
காலை ட்ரிப்புக்கும் மாலை ட்ரிப்புக்கும் நடுவே
நூலகக் கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறாள்,
வலது கையுறையை மட்டும் கழற்றி.

போன தடவை ஏமாந்தது இப்படித்தான்:
இலவசம் என்று ஒரு பச்சைப் பொத்தான்
பூசணிக்காய் அளவுக்கு.
அதன் காலடியில் எறும்பெழுத்தில் ஒரு வரி.
ஒரு டாலர்தானே, அதுவும் அடையாளத்துக்கு, என்று
அட்டை எண்ணைக் கொடுத்தாள்.
மாதம் பிறந்ததும் இருபத்தொன்பது தொண்ணூற்றைந்து.
அடுத்த மாதமும்.
நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டால்
நாற்பது நிமிடம் சாக்ஸபோன்.
பிறகு தேன் குரலில் ஒரு பையன்:
"எங்களை ஏன் மேடம் பிரிகிறீர்கள்?"
புருஷன் கேட்டபோதே
அவள் பதில் சொல்லாத கேள்வி அது.

தானம் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
மாட்டுக்குச் சரி.

இந்த முறை சட்டம் திறந்துவைத்த வாசல்.
அட்டை எண் கேட்கவில்லை.
கேட்காததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.
பதிலுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள்:
கீழ்க்காணும் தெருக்களில் எதில் வசித்தீர்கள்?
ஹாலி சந்து.
பேட்டன் அவென்யூ.
மூன்றாவது எதுவோ.
எதிலும் இல்லை.

பேட்டன் அவென்யூ.
மாடி வீடு. கதவு சாத்தாத குளியலறை.
தங்கை ரோனெட்
ஜன்னல் முழுக்கப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி
முடி உலர்த்தியால் சூடு காட்டிக் காட்டி
முரசுத் தோல் போல இறுக்கிய வீடு.
அந்தப் பெயரை வாய் திறந்து சொல்லி
வருஷங்கள் ஆகியிருந்தன.
யாரோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அச்சடிக்கப் பக்கத்துக்குப் பத்து சென்ட்.
அதை மறைக்கவில்லை, இயந்திரத்தின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தார்கள்.
பதினான்கு பக்கம். ஒன்று நாற்பது.
சில்லறையை எண்ணிப் போட்டாள்.

மதிப்பெண் அதில் இல்லை.
அது வேறு கடைச் சரக்கு.
வீட்டுக்காரர் வோய்ட்கோ கேட்டதோ
அறுநூற்று நாற்பதுக்கு மேல் ஓர் எண்;
அவளிடம் இருப்பதோ பதினான்கு பக்கம் வாழ்க்கை.
ஒழுங்காகக் கட்டிய கார் தவணை,
பல் வைத்தியம், தப்பாக எழுதிய நடுப்பெயர்,
ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை, இல்லை, இல்லை
என்று வரிசையாகப் பச்சைக் கட்டங்கள்.

பன்னிரண்டாம் பக்கத்தில்
எரிவாயுக் கம்பெனி.
நானூற்றுப் பன்னிரண்டு டாலர் அறுபது.
வசூலுக்கு விற்கப்பட்டது.
கணக்கு தொடங்கியது ஐந்து வருஷத்துக்கு முந்தைய நவம்பர்.

அந்த நவம்பரில் அவள் ஒஹையோவில்
லாரி பின்னால் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.
பேட்டன் அவென்யூவில் ரோனெட்டும்
நாற்பது நாள் குழந்தையும்.
"குளிரா? இங்கே ஒன்றும் இல்லையே" என்று
ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொன்னவள்.

இது என் கணக்கு அல்ல.
அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, டிக் போடலாம்.
போட்டால் அதன் கீழே இன்னொன்று திறக்கிறது:
இதைச் செய்தவர் உங்களுக்குத் தெரிந்தவரா?
ஆம். இல்லை.
மூன்றாவது கட்டம் இல்லை.

மணி இரண்டு பத்து.
இரண்டரைக்கு மணியடித்தால்
முப்பத்தெட்டுப் பிள்ளைகள்
ஈர பூட்ஸோடு ஏறுவார்கள்.
பதின்மூன்று பக்கத்தைப் பைக்குள் திணித்தாள்.
பன்னிரண்டாவதை நாலாய் மடித்து
ஓட்டுநர் தலைக்கு மேல் வெயில் மறைப்பில் செருகினாள்.
ஹீட்டரைப் போட்டாள்.
முதலில் பெட்ரோல் வாடை, அப்புறம் சூடு.

பள்ளி வாசலில் நின்றபடி கூப்பிட்டாள்.
"ரோனெட், அந்த வருஷம் வீடு
சூடாக இருந்ததா?"

மறுமுனையில் வெகு நேரம் ஒன்றுமில்லை.
சாக்ஸபோன்கூட இல்லை.

"ஒரு அறை" என்றாள் தங்கை.
"ஒரே ஒரு அறை."