சுட்டது யார்

தொண்ணூற்றொன்று. தட்டாதெருவில்
மின்சாரம் போய் மாதக்கணக்கு.
அரைப் போத்தல் மண்ணெண்ணெயில்
இருமி இருமி ஓடியது ஜெனரேற்றர்.
பொம்பர் இரைந்தால் நிற்பாட்ட
படலையடியில் ஒருவன்.
உள்ளே பதினாறு பேர், ஒரு ரீவி,
எத்தனையோ டெக் தின்று துப்பிய படக்கொப்பி.

புழுதித் தெருவில் எதிரெதிரே இருவர்.
நாயொன்று குறுக்கே போனது.
தொப்பிக்காரனின் விரல் துவக்கைத் தொட,

ஆலாத்தித் தட்டோடு இரண்டு பெண்கள்!

ஆரோ மேலால் பதிந்திருந்த
ஆரோ வீட்டுச் சாமத்தியச் சடங்கு.
உச்சியில் பாலறுகு சொட்ட
தெத்துப்பல்லை மறைத்துச் சிரித்தாள்
ஒரு பிள்ளை.
"இவள்தான் சுட்டது" என்றான் குகதாசன்.
மண்ணெண்ணெய் தீரும்வரை சிரித்தோம்.

நேற்று மகன் டிஸ்க் ஒன்று கொண்டுவந்தான்.
கோடில்லை, இரைச்சலில்லை,
குதிரையின் இமைமயிர்கூடத் தெரிகிறது.
அந்த நாய் குறுக்கே போனது.
தொப்பிக்காரன் சுட்டான்.
மற்றவன் விழுந்தான்.
அவ்வளவுதான்.

பெயர்கள் ஓடி முடிந்து
திரை கறுத்த பிறகும்
இருந்துகொண்டிருந்தேன்.
"படம் முடிஞ்சுதப்பா" என்றான் மகன்.

குகதாசனுக்கு ரொறொன்ரோவில் இப்ப விடிந்திருக்கும்.
எடுத்தேன். படம் பார்த்ததைச் சொன்னேன்.
"ஆரடா சுட்டது?"

"அவள்தான்."