கால் தப்பு

அருவங்காட்டுச் சங்கு ஊதினால்
எனக்கு ஷிப்ட் முடியும்.
அதற்கு மேல் ராத்திரி எட்டு வரை
நான் ஸ்பைனோசரஸ் செய்கிறவன்.

கேத்தி ரோட்டில் போஜன்
உருளைக்கிழங்குக் காட்டைப் பார்க் ஆக்கினார்.
'சினிமால வர்ற மாதிரி
நின்னு உறுமணும்' என்றார்.
கம்பி, கோணி, ஃபைபர், ஏழு கோட் பெயின்ட்.
இரண்டு ஆள் உயரத்துக்குக் கால் நட்டேன்.
முதுகில் பாய் விரித்தேன்,
கடல் தெரியாத ஊரில்.

மஞ்சு இறங்கினால்
முதலில் தலை போகும், அப்புறம் கால்.
பாய் மட்டும் போய்க்கொண்டிருக்கும்
எந்தத் துறைமுகத்துக்கோ.

மே மாதக் கூட்டத்தில் ஒரு சிறுமி,
சிவப்புக் குல்லா, கையில் பாதி சோளம்:
'அங்கிள், கால் தப்பு.
குட்டைக் கால். வால் துடுப்பு மாதிரி.
மீன்தான் திங்கும். இப்பல்லாம் அப்படித்தான்.'
இப்ப என்றால்
பத்து கோடி வருடம் கழித்து வருகிற இப்ப.

அன்று ராத்திரி போனில் தேடிப் படித்தேன்.
எகிப்து மணலில் கிடைத்த முதல் எலும்புகள்
ஜெர்மனியில் ஒரு மியூசியத்தில் இருந்தனவாம்.
நாற்பத்து நாலில் குண்டு விழுந்து
எல்லாம் சாம்பல்.
மிஞ்சியது சில படங்களும் குறிப்புகளும்.
அந்த வருடம்
எங்கள் ஃபேக்டரியிலும் ராத்திரி ஷிப்ட் ஓடியிருக்கும்.
மருந்து எங்கெங்கே போய் வெடித்ததென்று
யாரும் நோட்டில் எழுதி வைப்பதில்லை.

'காலைக் குறைக்க எவ்வளவு ஆகும்?'
'பதினெட்டாயிரம்.'
'அப்ப தப்பாவே நிக்கட்டும்' என்றார் போஜன்.

ஆடிக் காற்றில் ஒரு ராத்திரி
காட்டெருமை வந்திருக்கிறது, ஒற்றையாக.
விலா தேய்த்துக்கொள்ள
ஏதாவது வேண்டியிருந்திருக்கும்.
விடிந்து போய்ப் பார்த்தால்
இரண்டு காலும் முட்டியோடு முறிந்து
படகுக் குட்டையில் வயிறு படிய
உட்கார்ந்திருக்கிறது.
மூக்கு தண்ணீரில். பாய் நேராக.
குல்லாக்காரி சொன்ன உயரம்,
ஏறக்குறைய.

போஜன் சுற்றிச் சுற்றி வந்தார்.
மூன்றாம் சுற்றில் சொன்னார்:
'போர்டை மட்டும் மாத்திடு.'

அது பாயே இல்லை,
எருமைத் திமில் போலக் கொழுப்பு மேடு
என்று சொன்னவர்களும் உண்டாம்.
சீகை மரத்தடியில் நின்று
அதுவும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது,
தன் முதுகு எங்களுக்குத் தெரிகிற மாதிரி.

வாலுக்குத் துடுப்பு ஒட்ட வேண்டும்.
பச்சை பெயின்ட் அரை டப்பா மிச்சம்.