ஏழாம் கதவுக்கு முன்

மூன்று இரவு ஆனது இறங்க.
நாற்பத்தொரு ஜிபி.
டோல்கேட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து
ராயக்கோட்டை சாலையில் டயர் கடை மாடிக்கு
நான் ஏறிவரும்போதெல்லாம்
நத்தைக்கே வெட்கம் வரும்படி
கொஞ்சம் நகர்ந்திருக்கும் அந்தப் பச்சைக் கோடு.
ஜன்னலில் வைத்தால் போனுக்கு நான்கு கட்டை சிக்னல்,
கட்டிலில் வைத்தால் ஒன்று.
அதனால் போன் ஜன்னலில் தூங்கியது,
நான் அலாரம் இல்லாமல்.

இப்போது நூறு சதம்.
லேப்டாப்பின் விசிறி
ஊறாத அரிசியை அரைப்பதுபோல் இரைகிறது.
நிழல்களை அணைத்துவிட்டேன்,
அணைத்தால்தான் ஓடும்.
என் அண்டத்தில் எதற்கும் நிழல் விழாது,
கோளுக்கும் சரி, ஆளுக்கும் சரி.

முதல் கேள்வி:
புதியவனாக வருகிறாயா, பழையவனாகவா?
புதியவன் என்றால்
கையோடு இருபத்தைந்தாம் நிலை, நிறைந்த எரிபொருள்,
துடைத்துவைத்த துப்பாக்கி,
யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத முகம்.
பழையவன் இருபத்துமூன்றில் நிற்கிறான்.
மிச்சம் இரண்டு நிலை ஏற
விண்கல் உடைத்து விற்க வேண்டும்.
பர்கூர் பக்கத்து கிரானைட் லாரிகளை
பொழுதெல்லாம் எண்ணி அனுப்புகிறவனுக்கு
ராத்திரியிலும் கல்.

பழையதையே அழுத்தினேன்.
கப்பலின் பெயர் 'பெங்களூரா'.
சென்றாயன் வைத்தது.
மாங்கூழ் ஆலையில் சீசன் வேலை அவனுக்கு.
குளித்தாலும் போகாத புளித்த இனிப்பு வாசனையோடு
இதே கட்டிலின் அந்தப் பாதியில் உட்கார்ந்து
அவன் ஓட்டுவான், நான் சுடுவேன்.
ஒரு கீபோர்டுக்கு நான்கு கை.
போவதைப் பெயரிலேயே வைத்திருந்தவன்
போன ஆடியில் போனான்,
பைக் கடனுக்கு
என் நம்பரைக் கொடுத்துவிட்டு.

ஆறு நாள் உடைத்தேன்.
விற்கப் போனால் அங்கேயும் சுங்கம்,
பத்துக்கு ஒன்று.
கூண்டுக்குள் இருந்தவனை உற்றுப் பார்த்தேன்.
என்னைப் போலவே
நிமிராமல் கை நீட்டினான்.

இருபத்தைந்து.
கதவு திறக்கும் வழி சுலபம் என்றது குறிப்பு:
நிலையத்தில் கப்பலைக் கட்டு,
அறைக்குப் போய்ப் படு.
தூங்கினால் கதை வரும்.
என் ஆள் பூட்ஸோடு படுத்தான்.
திரை இருண்டது.
கரகரவென்று ஒரு குரல், எங்கோ தொலைவிலிருந்து:
ஓரின் இருக்கிறாளா?

ஓரின்.
மறந்தே போயிருந்தேன்.
முதல் கதையில், பனிக்கோளில்,
இரண்டு பேருக்குத்தான் காற்று என்றபோது
மூன்றாவது ஆளாக அவளை இறக்கிவிட்டோம்.
இறக்கிவிட்டேன்.
"வேணாண்டா" என்றான் சென்றாயன்.
பட்டன் என் பக்கம் இருந்தது.

கீழே மூன்று விடைகள் மினுக்கின:
அவள் வெளியே போயிருக்கிறாள்.
அவள் செத்துவிட்டாள்.
இணைப்பைத் துண்டி.

ஜன்னலில் போன் அதிர்ந்தது.
மணி ஒன்பது.
பெயர் வராத நம்பர், ஆனால் மனப்பாடமான நம்பர்.
பத்து மாதமாக
இதற்கு நான் அழுத்தியதெல்லாம்
அந்த மூன்றாவதைத்தான்.
அதிர்ந்து அதிர்ந்து
விளிம்புவரை தானே நடந்து வந்தது போன்.
விழுவதற்குள் பிடித்தேன்.
பிடித்த விரல் பச்சையில் பட்டுவிட்டது.

"சென்றாயன் இருக்காருங்களா?"
"இல்லீங்க. எங்கன்னு தெரியலீங்க."
ஏனோ நிறுத்தவில்லை.
"ஒருவேளை உங்களுக்குக் கெடச்சா
சாப்பிட்டானான்னு மட்டும் கேளுங்க."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் டைப் அடிக்கும் சத்தம்.
"அதுக்கு இதுல காலம் இல்லீங்க சார்" என்றாள்.
வைத்துவிட்டாள்.

திரும்பினால்
விடைகள் மூன்றும் காணோம்.
நான் வாய்திறக்காததையே
நான்காவதாக எடுத்துக்கொண்டு
கதை தொடங்கியிருந்தது.
பெங்களூரா மூக்கைத் திருப்பிக்கொண்டது
பனிக்கோள் பக்கம்.
எரிபொருள் முள்
போவதற்கு மட்டும் காட்டியது.
ஷிப்டுக்கு இன்னும் ஐந்து மணி நேரம்.
சட்டை வேறு துவைக்கவில்லை.