மிதி

ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கும் படத்தில்
தோல் இல்லாத கால் ஒன்று.
தசைகள் சிவப்பு, நாண்கள் வெள்ளை.
மஞ்சளாய் ஒரு நரம்பு
முழங்காலுக்கு வெளிப்புறம்
எலும்பைச் சுற்றிக் கீழே இறங்குது.
பேனையால் தொட்டுக் காட்டினா துவாரகி மிஸ்:
"இந்த இடம்தான் அக்கா.
தோலுக்கு அடியிலேயே ஓடுது,
மேலே சதைகூட இல்லை."

எனக்குத் தெரியும்.
வந்த துண்டு ஒரு சட்டைத் தெறி அளவுதான்.
ஏன் அதைத் தெறி என்கிறோம் என்று
அதற்கு முதல் நான் யோசித்ததில்லை.

பின்னால் இருப்பது கெண்டை.
இரணைமடு வாய்க்காலில் ஓடுகிற அதே கெண்டைதான்,
வயிறு தடித்து, வால் சிறுத்து,
வால்நுனியைக் குதிக்காலோடு வைத்துத் தைத்திருக்கு.
அது துள்ளினால் குதி எழும்பும்,
விரல்நுனி நிலத்தை உதைக்கும்.
என் கெண்டைக்கு ஒன்றும் நடக்கவில்லை.
இன்னும் துள்ளுது.

முன்னால் இருப்பதுதான் செத்தது.
கணைக்கால் எலும்போடு ஒட்டி இறங்கி
கணுவுக்கு மேலே உட்பக்கம் திரும்பி
பெருவிரலுக்குப் பின்னால் வளைவில் முடிகிற தசை.
பாதத்தைத் தூக்குவது அதன் வேலை என்று நினைத்திருந்தேன்.
பெரிய வேலை தூக்குவதில்லையாம்,
இறக்கி வைப்பதாம்.
பட்டுத் துணியில் மெசின் பாதத்தைப் பதிக்கையில்
நெம்பை விட்டும் விடாமலும் பிடிப்பேனே,
அப்படி.
குதி பட்டதும் மிச்சப் பாதம் விழாமல்
சத்தமில்லாமல்.

என்னுடையது விழும்.
சடப்.
சடப்.
தருமபுரம் சந்தியில் திரும்பிப் பாராமலே
கடைக்குள் இருந்து சொல்லுவார்:
"வசந்தமலர் வாறா, நூல்கட்டை எடுத்து வை."

முழங்காலை உயர்த்தித்தான் வைக்கவேணும்,
சேற்று வயலில் கொக்கு வைக்கிறமாதிரி.
மறந்தால் கிரவல் கல் பெருவிரலைப் பிடிக்கும்.
இடது செருப்புகள் நுனி தேய்ந்து போக
வலதுகள் புதிசாய் வீட்டில் குவிந்தன.
அடுத்த ஒழுங்கை அமலோற்பவத்துக்கு
வலது கால் மட்டும்தான். எங்களுக்கு ஒரே சைஸ்.
காசு வாங்குவதில்லை.
பதினாலாம் நம்பர் ஊசி ஒரு பக்கெற் தந்துவிட்டுப் போவா.

வெளிப்பக்கமும் இரண்டு தசை, அதே மஞ்சள் நரம்பில்.
கணுமொட்டைப் பின்னால் சுற்றி வந்து
ஒன்று உள்ளங்காலுக்கு அடியால் குறுக்கே போகுது,
இடுப்புப் பட்டிபோல.
சரிவில் பாதம் உட்பக்கம் புரளாமல்
இழுத்துப் பிடிக்கிற பட்டி.
நான் குளக்கட்டால் போவதில்லை.

மெசினில் இருந்தால் கதை வேறு.
பலகையின் நுனியை அழுத்துவது கெண்டை,
அது இரண்டு காலிலும் இருக்கு.
பிறகு வலது குதி அழுத்தும்,
பலகை நுனி எழும்பும்,
அதன் மேல் கிடக்கிற இடது பாதமும் எழும்பும்.
நரம்பு சொல்லாததை
இரும்பு சொல்லுது.
தூக்கு. இறக்கு. தூக்கு.
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக் காலங்களில்
விடியப்புறம் வரைக்கும்.

"மோட்டர் பூட்டுங்கோ அக்கா, லேசு.
கால் நோகாது."
நல்ல பிள்ளை. எனக்காகத்தான் சொல்லுறா.
பூட்டமாட்டேன்.
இருந்த இடத்தில்
என் இடது கால் ஒழுங்காய் நடக்கிறது
அங்கே மட்டும்தான்.

விரல்கள் மடியும், நிமிராது.
மடிக்கிற தசைகள் வேறு நரம்பைக் கேட்பவை.
பொபின் உருண்டு விழுந்தால்
குனியாமல் இடது விரல்களால் கவ்வி எடுப்பேன்.
புறங்காலில் எறும்பு ஊர்ந்தால் தெரியாது,
கடித்தாலும் தெரியாது.
உள்ளங்காலில் ஒற்றை நூல் கிடந்தால்
தெரியும்.

நிறம்தான் தெரியாது.
குனிந்து பார்க்கவேணும்.