நிலையம் ஏழு

முப்பத்தொன்பது டொலர் தொண்ணூற்றைந்து சதம்.
இருபத்துநாலு மணித்தியாலம் பார்க்கலாம்,
இறக்கி வைக்க ஏலாது என்கிறது திரை.
குருமண்வெளித் துறையில்
தோணியைக் கவிழ்த்துத் தார் பூசிக்கொண்டிருந்த
புவிராசா எட்டிப் பார்த்துக் கேட்டான்:
"இது எங்கட தண்ணியெலுவா?"

ஏழு மாதம் அந்தத் தோணியில்தான் போனேன்.
பதினான்கு இடம், இடத்துக்கு மூன்று போத்தல்,
ஐஸ்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு
வந்தாறுமூலைக்குக் கடைசி பஸ்.
ஒவ்வொன்றுக்கும் அவனிடம் பேர் இருந்தது:
நாணல்முனை, பேய்க்கிடங்கு,
சின்னத்தம்பி வலைகிழிஞ்ச இடம்.
நாங்கள் நிலையம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டோம்.
வலைகிழிஞ்ச இடத்துக்கு
அட்டவணையில் அகலம் போதாது.

கட்டுரை வந்து ஒரு வருஷம்.
எழுதிய நால்வரில் நான் மூன்றாம் பேர்.
ஒப்பந்தம் முடிந்த மாதமே
பல்கலைக்கழக மின்னஞ்சலும் முடிந்தது.
என் பேருக்கு மேலே இப்போது
சின்னதாய் ஒரு பூட்டுப் படம்.

எல்லாருக்கும் திறந்து விடவும் வழி இருந்தது:
இரண்டாயிரத்து எண்ணூறு டொலர்.
நாடு முறிந்த வருஷம் அது.
சலுகை கேட்டு எழுதினோம்.
உங்கள் நாடு அந்தளவுக்கு ஏழையில்லை என்று
பணிவாகப் பதில் வந்தது.
பெற்றோல் வரிசையில் நின்றபடி வாசித்தேன்.

பென் டிரைவில் பழைய பிரதி கிடந்தது,
பதிப்பகத்தார் கை படாதது,
ஓரமெல்லாம் பேராசிரியரின் சிவப்புக் குறிப்பு.
அதைக் கொடுக்கத் தடையில்லையாம்;
நிபந்தனைகளை வாசித்து அதை உறுதிசெய்யவே
ஒரு பின்னேரம் போனது.
களுவாஞ்சிக்குடியில் அச்செடுத்தேன்.
பதினெட்டுப் பக்கம், முந்நூற்றறுபது ரூபாய்,
மை தீர்ந்து கடைசி வரைபு மங்கல்.

புவிராசாவுக்கு ஆங்கிலம் வராது.
சுருக்கத்தைத் தாண்டினான், முறையியலைத் தாண்டினான்,
வரைபடத்தில் நின்றான்.
தார்விரலை ஒரு புள்ளியில் வைத்தான்.
"இது பிழை அக்கா."

எது?

"ஏழு. அண்டைக்கு இஞ்சின் நிண்டுபோச்செலுவா?
நீங்க பெட்டியப் பார்த்து இலக்கத்த எழுதிப்போட்டீங்க.
மறுகா காத்து இழுத்துது.
தண்ணி அள்ளினது அங்கால,
மில்லுக் கான் வந்து விழுற வாயில."

கள நோட்டைத் தேடி எடுத்தேன்.
என் கையெழுத்துத்தான், நீல மை,
தலைசுற்றி வாந்தி எடுத்த நாள்.
ஏழில் மட்டும் ஒட்சிசன் ஏன் இவ்வளவு குறைவென்று
இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்.
பருவகால மாறுபாடாக இருக்கலாம் என்று
நாலு பேரும் சேர்ந்து எழுதினோம்.
அந்த ஒரு வசனத்துக்கு
ஐந்து மேற்கோள் தேடிக் கொடுத்தவள் நான்.

இதழுக்குக் கடிதம் போட்டேன். எட்டு மாதம்.
திருத்தம் வந்தது, அரைப் பக்கம்:
நிலையம் ஏழின் அமைவிடம் தவறு,
சுட்டிக்காட்டிய க. புவிராசாவுக்கு நன்றி.
பேரில் ஓர் எழுத்து மாறியிருந்தது.
அதைத் திருத்தச் சொல்லிக் கேட்க எனக்குத் தெம்பில்லை.
அமத்திப் பார்த்தேன்.
பூட்டு இல்லை. காசு கேட்கவில்லை.
திருத்தங்கள் யாவர்க்கும் இலவசமாம்.
எங்கள் வாவியைப் பற்றி
உலகம் சும்மா வாசிக்கக்கூடியது
நான் விட்ட பிழை ஒன்றுதான்.

மீனவர் சங்கத்தில் தராசுக்குப் பின்னால்
அதை ஒட்டியிருக்கிறார்கள்.
பக்கத்து ஆணியில் பழைய பிரதி,
பதினெட்டுப் பக்கமும்.
மில்லுக்காரரின் ஆள் ஒருவர் வந்து
படம் பிடித்துக்கொண்டு போனாராம்.
இறால் நிறுக்க வந்தவர்களின் ஈரக் கைபட்டுத்
தாள் பொருமிப் போயிருக்கிறது.
வரைபடத்தில் ஏழை யாரோ வெட்டி
மில்லடி என்று எழுதியிருக்கிறார்கள்.
மறுகா மற்ற இலக்கங்களையும்
ஒவ்வொன்றாய் வெட்டியிருக்கிறார்கள்.
நாணல்முனை. பேய்க்கிடங்கு.
சின்னத்தம்பி வலைகிழிஞ்ச இடம்
ஓரம் போதாமல் வளைந்து
தாளின் மறுபக்கம் போகிறது.